வளர்ந்த பிறகும் காய்கறி இறங்கவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பத்திரண்டு வயது வரை நான் விரும்பிச் சாப்பிட்ட ஒரே காய் உருளைக்கிழங்கு. இன்றைக்குப் பதினைந்து பதினாறு காய்களைத் தயங்காமல் சாப்பிடுகிறேன். அதில் ஏழெட்டு, இரண்டு நாள் இல்லாவிட்டால் தேடுகிற அளவுக்குப் பிடித்துப்போனவை. இது தெரிந்ததிலிருந்து சொந்தக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஆள் மாற்றி ஆள் வந்து கேட்கிறார்கள். பெரும்பாலும் பக்கத்தில் யாரும் இல்லாத நேரத்தில், குரலைத் தாழ்த்தி. கேள்விகளோ ஏறக்குறைய ஒன்றேதான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளையும், நான் படித்தும் பட்டும் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் போக வேண்டிய இடம் எது என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

"முப்பத்தஞ்சு தாண்டியாச்சு. இனிமேலா நாக்கு மாறப் போகுது?"

மாறும். காபியிலோ டீயிலோ சர்க்கரையைக் குறைத்துப் பழகியவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதல் வாரம் சப்பென்று இருந்திருக்கும். இரண்டு மாதம் கழித்துப் பழைய இனிப்பில் யாராவது கொடுத்தால் திகட்டியிருக்கும். உப்பிலும் இதே கதைதான். 1980களில் நடந்த ஆய்வுகளில், உப்பைக் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்குச் சில மாதங்களில் பிடித்தமான உப்பின் அளவே குறைந்துபோனது. அவர்கள் எல்லாரும் பெரியவர்கள்.

நாக்கின் சுவை மொட்டுகளில் உள்ள செல்கள் ஏறத்தாழ பத்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. ஆனால் பிடிக்கும், பிடிக்காது என்கிற தீர்ப்பை எழுதுவது மூளை. அதற்குக் கட்டளை போட்டால் கேட்காது. பழக்கினால் கேட்கும்.

"இது வெறும் அடம்னு வீட்ல எல்லாரும் சொல்றாங்க. நிஜமாவே அடம்தானா?"

இல்லை. தெரியாத உணவைக் கண்டு பின்வாங்குவது மனிதருக்கு இயல்பாகவே உள்ள ஒரு காப்பு. கண்டதையும் வாயில் போட்டு விஷமாகிவிடக் கூடாதே! பொதுவாக இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை இது உச்சத்தில் இருக்கும், பிறகு தணியும். சிலருக்குத் தணியாமலே நிற்கிறது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் இதில் மரபின் பங்கு பெரியது என்று காட்டுகின்றன. பெரியவர்களிடம் இந்தத் தயக்கம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதற்காகவே பாட்ரீசியா பிளைனர், கேரன் ஹாப்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1992-ல் பத்து வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். வெறும் அடத்துக்கு அப்படியெல்லாம் அளவுகோல் தேவைப்படாது.

இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "நான் அடம்பிடிக்கிறேன்" என்று நம்புகிறவர் தன்னைத் தானே வற்புறுத்திக்கொள்வார். வற்புறுத்தல் வெறுப்பைத்தான் வளர்க்கும்.

"சரி, எதுல இருந்து ஆரம்பிக்கிறது?"

ஏற்கெனவே பிடித்த ஒன்றின் பக்கத்து வீட்டிலிருந்து. உங்களுக்குப் பிடித்த நாலு உணவை எழுதுங்கள். அவற்றில் பொதுவாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். மொறுமொறுப்பா, மென்மையா, புளிப்பா, இனிப்பா? உருளைக்கிழங்கு வறுவல் பிடித்தவருக்குக் கேரட்டை அதே அளவில் நறுக்கி, அதே மாதிரி ஓரம் சிவக்க வறுத்துக் கொடுத்தால் பாதி வழி வந்துவிட்டார். நான் அப்படித்தான் தொடங்கினேன். முதல் வாரம் தட்டு முழுக்க உருளை, நடுவில் மூன்றே மூன்று கேரட் துண்டு.

ஒரு நேரத்தில் ஒரு காய் போதும். நாளை முதல் எல்லாம் மாறும் என்று ஐந்து காய் வாங்கி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நான்காம் நாள் அது அத்தனையும் ஃப்ரிட்ஜில் வாடிக்கிடக்கும், கூடவே மனசும்.

"ஒரு காயை எத்தனை தடவை சாப்பிட்டுப் பார்த்தா போதும்?"

நீங்கள் நினைப்பதைவிட அதிகம். அடிக்கடி எதிர்ப்படுகிற ஒன்றின் மேல், அந்தப் பழக்கத்தாலேயே விருப்பம் கூடுகிறது என்று ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-ல் காட்டினார். உணவிலும் அது பொருந்தும் என்பதை லீன் பர்ச் சிறு குழந்தைகளிடம் செய்த ஆய்வுகள் 1980களில் உறுதிப்படுத்தின. குழந்தைகளுக்கு எட்டிலிருந்து பதினைந்து முறை என்று பொதுவாகச் சொல்வார்கள். பெற்றோர் பலர் மூன்று, நான்கு முறையிலேயே விட்டுவிடுகிறார்கள். நாமும் நமக்கு அதைத்தான் செய்துகொள்கிறோம்.

என் கணக்கு இது: காலிஃபிளவர் இரண்டாம் முறையே பிடித்தது. கேரட்டுக்கு ஐந்து முறை. கத்தரிக்காய்க்கு இருபதுக்கு மேல், ஏறக்குறைய எட்டு மாதம். காலண்டரில் புள்ளி வைத்துக்கொண்டே வந்ததால் தெரியும். "முறை" என்றால் ஒரு கிண்ணம் என்று நினைக்க வேண்டாம். நகத்தளவு துண்டு ஒன்றை வாயில் போட்டு மென்றால் அது ஒரு முறை. பிடித்த உணவு பக்கத்திலேயே தட்டில் இருக்க வேண்டும். ஓரளவு பசி இருக்க வேண்டும், கண் இருட்டும் பசி கூடாது. முடியாவிட்டால் துப்புவதற்கு ஒரு காகிதம் கைவசம் இருக்கட்டும். துப்பினாலும் அது கணக்கில் சேரும்.

"வாயில வெச்சாலே குமட்டுது. அப்புறம் எப்படி மெல்றது?"

அப்படியானால் மெல்லும் கட்டத்துக்கு முன்னால் உள்ள படிகளில் நில்லுங்கள். சமைத்த காயைத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டு மற்றதைச் சாப்பிடுவது ஒரு படி. கையால் தொட்டு நசுக்கிப் பார்ப்பது இன்னொன்று. முகர்வது, உதட்டில் வைப்பது, நாக்கு நுனியில் வைத்து எடுப்பது என்று அப்படியே மேலே போகலாம். ஒவ்வொன்றிலும் உடம்பு சலித்துப்போகும் வரை நின்றுவிட்டு அடுத்ததற்கு ஏறுங்கள். கேரட்டையும் கத்தரிக்காயையும் நானே நறுக்கிச் சமைக்கத் தொடங்கிய பிறகு இந்தப் படிகளில் பாதி அடுப்படியிலேயே முடிந்துவிட்டன.

மூச்சை அடக்கி விழுங்குவது, தண்ணீர் குடித்து உள்ளே தள்ளுவது இரண்டையும் தவிர்க்கச் சொல்வேன். காய் வயிற்றுக்குள் போகும். ஆனால் "இது தப்பித்து ஓட வேண்டிய பொருள்" என்ற பாடமும் கூடவே போகும்.

"ருசி பரவாயில்ல. அந்தக் கொழகொழப்புதான் தாங்கல."

என்னிடம் வந்தவர்களில் அதிகம் பேருடைய தொல்லை இதுதான், என்னுடையதும் இதுதான். சுவை பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்களை இரண்டு கேள்வி கேட்டால் கடைசியில் பதம் பிடிக்கவில்லை என்று வந்து நிற்கும். இது நல்ல செய்தி. சுவையை மாற்றுவது கடினம், பதம் நம் கையில் இருக்கிறது.

வெண்டைக்காயில் வழுவழுப்பு வருவது அதன் உள்ளே இருக்கும் பசையால். தண்ணீர் பட்டால் அது கிளம்பும். கழுவித் துடைத்து, ஈரம் போகக் காயவிட்டு, பிறகு நறுக்கி, அகலமான சட்டியில் நெருக்காமல் பரப்பி வதக்கினால் அடங்கும். கொஞ்சம் புளிப்பு சேர்த்தாலும் குறையும். தக்காளியில் பலருக்கு ஆகாதது விதையைச் சுற்றியுள்ள கூழ்தான், விதைப்பகுதியை வழித்து எடுத்துவிட்டுச் சதையை மட்டும் சாப்பிட்டுப் பாருங்கள். கீரை சாப்பிட்டதும் பல்லில் மாவு பூசினாற்போல் இருப்பதாகச் சிலர் சொல்வார்கள். பசலை போன்ற கீரைகளில் உள்ள ஆக்ஸாலிக் அமிலத்தின் வேலை அது. கொதிநீரில் சற்று வேகவிட்டு நீரை வடித்துவிட்டால் குறையும்.

கத்தரிக்காய் எனக்கு ஈரப் பஞ்சைக் கடித்த மாதிரி இருந்தது. பெரிய துண்டாக, அரைவேக்காடாக இருக்கும்வரை அது அப்படித்தான் இருக்கும், உள்ளே அத்தனையும் காற்று. ஒரு நாள் நாணயம் போல மெல்லியதாக அரிந்து, உப்புத் தடவி அரை மணி நேரம் வைத்துப் பிழிந்து, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் நன்றாகச் சிவக்கும்வரை விட்டேன். ஓரம் சுருண்டு மொறுமொறுவென்று வந்தது. நடுவில் இருந்த விதைகள் வறுத்த எள் மாதிரி பல்லில் பட்டன. பஞ்சு எங்கே போனது என்று தெரியவில்லை. அது பதினான்காவது புள்ளி.

"முட்டைக்கோஸ் வேகற வாசனையே ஆகாது எனக்கு."

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், ப்ராக்கோலி எல்லாம் ஒரே குடும்பம். அவற்றில் கந்தகம் சேர்ந்த பொருட்கள் உண்டு. வேகவேக அவை உடைந்து வாசனை கிளம்பும், நேரம் ஏற ஏற வாசனையும் ஏறும். குழையக் குழைய வேகவைத்த கோஸை மட்டுமே சாப்பிட்டு வளர்ந்தவர் அந்தக் காயின் மோசமான முகத்தை மட்டுமே பார்த்திருக்கிறார்.

மாற்று இரண்டு. மெல்லிசாக அரிந்து, நல்ல சூட்டில், மூடாமல், மூன்று நான்கு நிமிடத்தில் இறக்குங்கள். இல்லாவிட்டால் அடுப்பே வேண்டாம்: பொடியாக அரிந்து உப்பும் எலுமிச்சைச் சாறும் விட்டுக் கையால் பிசைந்து கால் மணி நேரம் வையுங்கள். காலிஃபிளவருக்கு வறுப்பதுதான் சரி. தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் வேகவைத்த காய் சிவக்காது. சூடு 140 டிகிரியைத் தாண்டினால்தான் ரொட்டியின் மேல்தோலுக்கு வருகிற அந்த வறுத்த மணம் நன்றாக வரும். இன்னொன்று, ஆறிய உணவில் வாசனை குறைவு. வாசனையே தடையாக இருப்பவர்கள் ஆறவைத்துச் சாப்பிட்டு ஆரம்பிக்கலாம்.

"எல்லாரும் கசக்கலன்றாங்க. எனக்கு மட்டும் ஏன் இப்படிக் கசக்குது?"

உங்களுக்கு நிஜமாகவே அதிகம் கசக்கலாம். 1931-ல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஆய்வகத்தில் ஒரு பொடியைக் கையாளும்போது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் "என்ன கசப்பு!" என்றார். ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அப்படித்தான் மனிதருக்கு மனிதர் கசப்பு வேறுபடுவது வெளிச்சத்துக்கு வந்தது. அந்த வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் காரணமான மரபணுவை 2003-ல் கண்டுபிடித்தார்கள். கோஸ் குடும்பக் காய்களின் கசப்பையும் இதே மரபணு ஓரளவு தீர்மானிக்கிறது.

கசப்பைத் தணிக்கச் சர்க்கரையைத் தேட வேண்டாம், முதலில் உப்பை நினையுங்கள். உப்பு கசப்பை அமுக்கி, அதனடியில் மறைந்திருக்கும் இனிப்பை மேலே கொண்டுவருகிறது என்பது 1997-ல் ஆய்வில் நிரூபணமானது. கூடவே எண்ணெய், தயிர், சீஸ் போன்ற கொழுப்புள்ள ஒன்று.

"உப்பும் எண்ணெயும் போட்டா ஆரோக்கியமே போச்சே?"

போகாது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்கிறது, அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. அதில் பெரும்பங்கைப் பொட்டலத் தின்பண்டங்கள் எடுத்துக்கொள்கின்றனவா, காயில் தூவும் ஒரு சிட்டிகையா என்று பாருங்கள். எண்ணெயைப் பொறுத்தவரை, கேரட்டிலும் கீரையிலும் உள்ள பீட்டா கரோட்டின் உடம்பில் சேர்வதற்கே கொஞ்சம் கொழுப்பு வேண்டும். உப்பில்லாத, எண்ணெயில்லாத வெந்த காயைத் தட்டில் வைத்துக்கொண்டு அழுவதைவிட, ருசியாகச் சமைத்த காயைத் தினமும் சாப்பிடுவது எவ்வளவோ மேல். பழகிய பிறகு குறைத்துக்கொள்ளலாம், முதல் பதிலில் சொன்னபடி நாக்கும் கூடவே வரும். ரத்த அழுத்தத்துக்காக மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் அவர் சொன்ன அளவுதான். அப்போது எலுமிச்சை, மிளகு, பூண்டு கைகொடுக்கும்.

"அரைச்சு சூப்ல கலந்துட்டா தெரியவே தெரியாதே. அது போதாதா?"

சத்துக்குப் போதும், பழக்கத்துக்குப் போதாது. தெரியாமல் உள்ளே போன காயோடு நாக்குக்கு அறிமுகம் ஏற்படவில்லை. இதையே ஏணியாக்கலாம். இந்த வாரம் முழுக்க அரைத்தது, அடுத்த வாரம் முக்கால்வாசி, பிறகு சின்னத் துண்டுகள். ஆனால் கலப்பது நீங்களாக இருக்க வேண்டும். அடுத்தவர் உங்களுக்குத் தெரியாமல் ஒளித்துக் கொடுத்தால், நாளைக்குப் பிடித்த சூப்பின் மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

பழச்சாறு பற்றியும் இதோடு கேட்பார்கள். சாறு பிழிந்தால் நார்ச்சத்தின் பெரும்பகுதி சக்கையோடு போய்விடுகிறது. முழுப் பழத்தையே சாப்பிடுங்கள்.

"சத்து மாத்திரை ஒண்ணு போட்டுட்டு விட்டுட்டா?"

மாத்திரையில் நார்ச்சத்து கிடையாது. காயில் சேர்ந்து வருகிற மற்ற பல பொருட்களும் கிடையாது. ரத்தப் பரிசோதனையில் குறைபாடு தெரிந்து மருத்துவர் கொடுத்தால் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக அளவு தெரியாமல் விழுங்கினால் வைட்டமின் ஏ, டி போன்றவை உடம்பில் தேங்கித் தீங்கு செய்யும்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிட்டா கணக்கு சரியாகும்?"

பழமும் காயுமாகச் சேர்த்துக் குறைந்தது 400 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. உருளைக்கிழங்கு இதில் சேராது. ஆனால் இப்போது 20 கிராம் சாப்பிடுகிறவர் இந்த எண்ணைச் சுவரில் ஒட்டிவைக்க வேண்டாம். 20-ஐ 50 ஆக்குங்கள், அதுவே பெரிய விஷயம். 400-ஐத் தொட எனக்கு இரண்டு வருடம் ஆனது.

"சாப்பிட ஆரம்பிச்சதும் வயிறு உப்புசமா இருக்கு. எனக்கு ஒத்துக்கலையோ?"

பெரும்பாலும் வேகம்தான் காரணம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 25 கிராம் நார்ச்சத்தாவது வேண்டும் என்கிறார்கள். ஆனால் நார்ச்சத்தைப் புளிக்கவைக்கும் குடல் கிருமிகளுக்கும் பழக அவகாசம் வேண்டும். வாரத்துக்குக் கொஞ்சம் கூட்டுங்கள், தண்ணீரையும் கூட்டுங்கள். பயறு வகைகளை ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். வலி, வயிற்றுப்போக்கு, ரத்தம் என்று ஏதாவது இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

இங்கேயே இன்னொன்றும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை போடுகிறவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையை மாற்றிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொட்டாசியம் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும். இருவரும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

"சின்ன வயசுல ஒரு தடவை வாந்தி எடுத்தேன். அதுல இருந்து முட்டையைப் பார்த்தாலே ஆகாது. அது தேவையில்லாத பயம்னு தெரியுது, ஆனாலும்..."

தெரிந்தும் போகாது, அதுதான் இதன் தன்மை. ஜான் கார்சியா என்ற ஆய்வாளர் எலிகளிடம் இதைக் கண்டார். இனிப்புத் தண்ணீர் குடித்தபோது கதிர்வீச்சால் உடம்புக்கு முடியாமல் போன எலிகள், பிறகு அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. அவரது ஆய்வு 1955-ல் வெளிவந்தது. ஒரே ஒரு முறை போதும், சாப்பிட்டு சில மணி நேரம் கழித்துக் குமட்டினாலும் மூளை பழியை உணவின் மேல்தான் போடும். உண்மையில் அன்றைக்கு உங்களுக்குக் காய்ச்சல் வந்திருக்கலாம்.

அன்று சாப்பிட்ட வடிவத்தில் திரும்பப் போகாதீர்கள். அவித்த முட்டையால் வந்ததென்றால் கேக்கில் கலந்த முட்டை, அப்புறம் காய் நிறையப் போட்ட மெல்லிய ஆம்லெட் என்று சுற்றிவாருங்கள். குமட்டல் கேள்வியில் சொன்ன படிகள் இங்கேயும் உதவும், இன்னும் மெதுவாக. முட்டை சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் உடம்பு அரித்தது, தடித்தது என்றால் இது வேறு விஷயம், கீழே அலர்ஜி கேள்வியைப் பாருங்கள்.

"பிடிக்க ஆரம்பிச்ச காய் திடீர்னு மறுபடி வெறுத்துப்போச்சு. எல்லாம் வீணா?"

வீணில்லை. உடம்பு சரியில்லாத வாரம், தூக்கம் கெட்ட வாரம், வேலை நெருக்கடி இதிலெல்லாம் எல்லாருமே பழகிய உணவுக்குத்தான் ஒதுங்குவார்கள். ஒரு வாரம் விட்டுவிட்டு, இரண்டு படி கீழே இறங்கி மறுபடி தொடங்குங்கள். இரண்டாம் முறை ஏறுவது வேகமாக நடக்கும். ஒரே காயைத் தினமும் ஒரே மாதிரி சாப்பிட்டுச் சலித்திருந்தால் சமைக்கும் விதத்தை மாற்றுங்கள்.

"விருந்துக்குப் போனா எல்லாரும் என் தட்டையே பார்க்கறாங்க."

விருந்தில் புதிய காயைச் சோதித்துப் பார்க்காதீர்கள். நாலு பேர் பார்க்கும்போது குமட்டினால் அந்தக் காயோடு வெட்கமும் ஒட்டிக்கொள்ளும். தெரிந்ததைச் சாப்பிடுங்கள். யாராவது கேட்டால் "இது போதும் எனக்கு, நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். காரணம் சொல்லத் தொடங்கினால் அதுவே விவாதமாகிவிடும்.

"எங்க வீட்டுக்காரர் உருளையைத் தவிர எதையும் தொட மாட்டார். நான் என்ன செய்யட்டும்?"

காயை மேசையில் வையுங்கள், நீங்கள் ரசித்துச் சாப்பிடுங்கள், அவர் தட்டைப் பார்க்காதீர்கள். அவர் ஒரு துண்டு எடுத்தால் பாராட்டக்கூட வேண்டாம். "பரவாயில்லையே, சாப்பிட்டுட்டீங்களே!" என்று ஒரு வார்த்தை வந்தால் அடுத்த துண்டை எடுக்கும் கை பின்வாங்கும், என் கை எத்தனையோ முறை பின்வாங்கியிருக்கிறது. குழந்தைகள் முன்னால் அவரைச் சுட்டிக்காட்டிப் பேசவே வேண்டாம். கடைக்கும் அடுப்படிக்கும் கூட அழைத்துப்போங்கள், நறுக்கச் சொல்லுங்கள். அவருக்கு எந்தப் பதம் ஆகாது என்று ஒரு நாள் நிதானமாகக் கேளுங்கள். என்னை அப்படிக் கேட்டது வாழ்க்கையில் ஒரே ஒருவர்தான். அன்றைக்குத்தான் எனக்கே பதில் தெரிந்தது.

"சில பழம் பச்சையா சாப்பிட்டா வாய் அரிக்குது. இதுவும் பழகிடுமா?"

இதைப் பழக்க முயலாதீர்கள், இது அலர்ஜியாக இருக்கலாம். மகரந்த அலர்ஜி உள்ள சிலருக்கு ஆப்பிள், கேரட் போன்றவற்றைப் பச்சையாகச் சாப்பிட்டால் வாயும் உதடும் அரிக்கும். அந்தக் காய்கனிகளில் உள்ள சில புரதங்கள் மகரந்தத்தின் புரதங்களை ஒத்திருப்பதுதான் காரணம். சமைத்தால் அந்தப் புரதம் சிதைவதால் பலருக்குத் தொல்லை இருக்காது. எது என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். தொண்டை வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

"இது எப்போ டாக்டர்கிட்ட போற அளவுக்கான பிரச்சினை?"

எடை குறைந்துகொண்டே போனால், பரிசோதனையில் சத்துக்குறைவு தெரிந்தால், சாப்பிடும் பொருட்களின் எண்ணிக்கை சுருங்கிக்கொண்டே வந்தால், சாப்பாட்டுக்குப் பயந்தே பயணத்தையும் நண்பர்களையும் தவிர்த்தால் போக வேண்டும். 'ஆர்ஃபிட்' என்ற பெயரில் இப்படி ஓர் உணவுக் கோளாறு 2013-லேயே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இடம்பெற்றது. உடல் மெலிய வேண்டும் என்ற எண்ணத்தால் வருவதில்லை இது. பதம், வாசனை மேலுள்ள கூச்சம், தொண்டையில் அடைத்துவிடுமோ என்ற பயம், பசியே எடுக்காமல் இருப்பது இவற்றால் வருவது. சிகிச்சை இருக்கிறது. இந்தப் பக்கத்தைப் படித்துத் தனியாகப் போராடிக்கொண்டிருக்காதீர்கள்.

இதுவரை சாதாரணமாகச் சாப்பிட்டவருக்குச் சுவையோ வாசனையோ திடீரென்று மாறினாலும் காட்ட வேண்டும். மருந்துகள், மூக்குத் தொல்லை, துத்தநாகக் குறைபாடு என்று காரணங்கள் பல.

"என்ன செஞ்சும் ஒரு காய் பிடிக்கவே இல்லன்னா?"

விட்டுவிடலாம். எந்தக் காயிலும் வேறெங்கும் கிடைக்காத சத்து என்று ஒன்று இல்லை. கொத்தமல்லித் தழை சிலருக்குச் சோப்பு மாதிரி இருப்பதில், வாசனையை உணரும் ஒரு மரபணுவுக்கும் பங்கு உண்டு என்று 2012-ல் ஓர் ஆய்வு வந்தது. அவர்கள் தழையை ஒதுக்கினால் ஒன்றும் குறைந்துவிடாது.

எனக்கு அப்படி நிற்பது பீட்ரூட். அதிலுள்ள ஜியோஸ்மின் என்ற பொருள்தான் மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழும் வாசனைக்கும் காரணம், அதை மனித மூக்கு மிகமிகக் குறைந்த அளவிலேயே கண்டுபிடித்துவிடும். பீட்ரூட்டில் கிடைக்கும் ஃபோலேட் எனக்குக் கீரையிலும் பயறிலும் கிடைக்கிறது. ஆனாலும் வருடத்துக்கு ஓரிரு முறை ஒரு துண்டை எடுத்துப் பார்க்கிறேன். புளிப்பு பட்டால் அந்த வாசனை குறையும் என்பதால், போன மாதம் எலுமிச்சை பிழிந்து ஒரு மணி நேரம் ஊறவைத்துச் சாப்பிட்டேன். மண் வாசனை இன்னும் இருந்தது, முன்பைவிடக் கொஞ்சம் தூரத்தில். காலண்டரில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, தட்டில் இருந்த கேரட்டை எடுத்துக்கொண்டேன்.